எதுக்கம்மாவும் ஒரு ‘டக்’ சத்தமும்

ஓட்டலில் காபி வருவதற்குள் எதுக்கம்மா மேசைமேல் இருந்த உப்புக் குப்பியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டார். மூடி ஒரு பக்கம், குப்பி ஒரு பக்கம், நடுவில் கிடந்த காகிதத்தில் உப்பு குவியலாக. காபியோடு வந்த சர்வர் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எத்தனையோ விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர்தான். உப்புக் குப்பியைப் பிரேதப் பரிசோதனை செய்கிற அம்மாளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“அண்ணே, மூடிக்குள்ள இன்னொரு மூடி இருக்கே, இது எதுக்கு?”

“அது இல்லன்னா உப்பு மொத்தமும் தட்டுல கொட்டிடும்மா. ஒரு தடவை அது உடைஞ்சுபோயி, சாப்பிட வந்தவரு என்னைப் பேசாத பேச்சு இல்ல.”

“அப்படியா!” பரிசு விழுந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. “அப்ப இது வேலை பாக்குது. இருக்கட்டும், இருக்கட்டும்.” உள்மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மரியாதையாகத் திரும்ப மாட்டினார். அதற்குள் காபி ஆறிவிட்டது. அவர் குடிக்கிற காபி பெரும்பாலும் ஆறின காபிதான்.

எதுக்கம்மா என்பது தொழிற்சாலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். அவர் செய்யும் வேலைக்கு வேல்யூ இன்ஜினியரிங் என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. ஒரு பொருளின் தரம் குறையாமல் செலவை மட்டும் குறைத்துத் தருவது. இன்றைக்கு பிஸ்கட் கம்பெனி, அடுத்த மாதம் தண்ணீர் பம்பு, அதற்கும் அடுத்து குழந்தைகளின் தள்ளுவண்டி. எந்த வாசலில் நுழைந்தாலும் கேள்வி ஒன்றுதான். ஒரு பாகத்தைத் தொட்டு, “இது எதுக்கு?” என்பார். பெயரைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “பேரு தெரியும்ங்க. என்ன வேலை பாக்குது? அதச் சொல்லுங்க.”

மலிவாக்குகிறவர் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். “மலிவாக்கறதுக்கு நான் எதுக்கு? தகடைப் பாதியாக்கினா போதுமே, எந்த மடையனும் செய்வான். சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குற பாகத்தை மட்டும்தான் நான் வீட்டுக்கு அனுப்புறேன்.”

உண்மையில் தம் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. வேலையில்லாதவர்கள் டப்பா என்று அதற்குப் பெயர். தள்ளுவண்டியில் இருந்து நீக்கிய திருகு, பம்பின் இரண்டாவது மூடி, எதையும் அணைக்காத ஒரு பொத்தான், யாருக்கும் கேட்காத ஒரு மணி எல்லாம் அதில் கூட்டுக் குடும்பமாக வாழ்கின்றன. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் காபித்தூள் தேடி அந்த டப்பாவைத் திறந்து, போல்ட்டும் நட்டும் கொட்டி, “அண்ணி, இது சமையல்கட்டா, காயலான் கடையா?” என்று கத்தாத வாரம் இல்லை.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாளெல்லாம் புதியவர்களின் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டில் எதற்கும் பதறுவதில்லை. “என்னையும் ஒருநாள் எதுக்குன்னு கேட்டுடுவாளோன்னு பயந்துதான் நான் பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கேன்” என்று தங்கையிடம் சொல்வார். எதுக்கம்மா சிரித்துக்கொண்டே, “அந்தப் பயம் இருக்கட்டும்” என்பார்.

இந்த முறை வந்தது மருத்துவமனைக் கட்டில் செய்யும் தொழிற்சாலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, விலையை இறக்கினால்தான் ஆர்டர் என்று கறாராகச் சொல்லிவிட்டது. ஆர்டர் கைவிட்டுப் போனால் கட்டில் பிரிவை இழுத்து மூட வேண்டியதுதான். வெல்டிங் போடுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஃபோர்மேன் நேராகவே கேட்டார்.

“மேடம், செலவு குறைக்க வந்திருக்கீங்க. எங்கள்ல யாரு வீட்டுக்குப் போகணும்? முன்னாடியே சொல்லிட்டா வேற இடம் பாத்துக்குவோம்.”

“யாரும் போக வேணாம். திருகும் தகடும்தான் போகும். இது என் வாக்கு.”

முதலாளி அதற்குள் கட்டில் கால் பைப்பின் கனத்தைக் குறைத்துவிடலாம் என்ற யோசனையோடு வந்து நின்றார். “அதுல கை வெச்சா நான் கிளம்பிடுவேன். மேல படுக்கிறவங்க ஏற்கெனவே முடியாதவங்க” என்று எதுக்கம்மா அவர் வாயை அடைத்தார். அடுத்து, கால்மாட்டில் நாலு திருகு போட்டுப் பளபளவென்று மாட்டியிருந்த கம்பெனிச் சின்னத்தைத் தட்டினார்.

“இது எதுக்கு?”

“அது எங்கப்பா வெச்சதுங்க.” முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

“வெச்சது சரி. என்ன வேலை பாக்குது?”

“பாத்தவுடனே எங்க கட்டில்னு தெரியணும்.”

“தெரியட்டும். தனியா ஒரு தகடு எதுக்கு? கால்மாட்டுத் தகட்டைத்தான் எப்படியும் பிரஸ் மெஷின்ல அழுத்தி அடிக்கிறீங்களே. அதுலயே சின்னத்தையும் அடிச்சு எழுப்பிடலாம். துருப்பிடிச்சு விழாது, அழுக்கும் சேராது. அப்பா பேரு இன்னும் கெட்டியா நிக்கும்.”

முதலாளி கொஞ்ச நேரம் சின்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இப்படி ஒன்றொன்றாக விலை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சிட்டிகை பாக்கி நின்றது. அப்போதுதான் கட்டிலின் பக்கத் தடுப்பு அவர் கண்ணில் பட்டது. நோயாளி உருண்டு விழாமல் இருக்கத் தூக்கி மாட்டும் கம்பித் தடுப்பு. அதன் தாழ்ப்பாளுக்குள் சின்னதாக ஒரு நாக்குத் தகடு, அதை அழுத்த ஒரு ஸ்பிரிங், பிடித்துக்கொள்ள ரிவெட்டுகள். கழற்றிப் பார்த்தார். அது இல்லாமலே தாழ் இம்மியும் அசையாமல் பிடித்தது. ஃபோர்மேன் தம் முழு எடையையும் போட்டுத் தொங்கியும் பார்த்தார். நாக்கு இருந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

“சத்தம் போடறதுக்கு ஒரு சம்பளமா?” என்று நாக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி சொன்ன விலை வந்துவிட்டது. பிரிவே கைதட்டியது.

புதுக் கட்டில்களை ஒரு வார்டில் போட்டுச் சோதித்தார்கள். நர்ஸ், தள்ள லேசாக இருக்கிறது, துடைக்கச் சுலபம் என்று பாராட்டினார். முதலாளி கிளம்பிவிட்டார். எதுக்கம்மா கிளம்பவில்லை. வாயால் சொல்வதைக் கேட்ட பிறகு கை என்ன சொல்கிறது என்று பார்ப்பது அவர் பழக்கம். மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸின் கை வேறு எதையோ சொன்னது. தடுப்பைத் தூக்கி மாட்டுவார், நாலடி நடப்பார், திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அடுத்த கட்டிலிலும் அதேதான். கையில் மருந்துத் தட்டோடு வாசல்வரை போனவர்கூடத் திரும்பி வந்தார்.

“சிஸ்டர், நல்லாத்தானே மாட்டியிருக்கு? ஏன் திரும்பித் திரும்பி வர்றீங்க?”

“ஆமால்ல?” நர்ஸுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. “என்னமோ மேடம், மாட்டுச்சா இல்லையான்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. புதுசு இல்லையா, பழகிடும்.”

பழகிடும் என்ற சொல் எதுக்கம்மாவுக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். சாப்பிட்டு முடித்து, டப்பாவைத் திறந்து அந்த நாக்குத் தகட்டை எடுத்தார். ஸ்பிரிங்கோடு விரலிடுக்கில் வைத்து அழுத்தினார்.

டக்.

முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்த கணவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “ம், மாட்டியாச்சா, சரி, கிளம்பலாம்” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. “காருல சீட் பெல்ட் சத்தம் கேட்டதும் அப்படிச் சொல்லிச் சொல்லி, அதே வாய்க்கு வந்துடுச்சு. நான் ரோட்டைப் பாப்பேனா, அவங்க இடுப்பைப் பாப்பேனா? டக்குன்னு கேட்டாப் போட்டாச்சுன்னு அர்த்தம்.”

எதுக்கம்மா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “ஐயோ, வேலை பாக்குதுங்க! சும்மா ஒக்காந்திருக்குன்னு அநியாயமா வீட்டுக்கு அனுப்பிட்டேனே! இது பாக்குற வேலைய வேற யாருமே பாக்கல!” தாம் தப்புச் செய்ததை இத்தனை சந்தோஷமாக யாரும் அறிவித்திருக்க முடியாது. என்ன இடி விழுந்ததோ என்று நாத்தனார் மாடியிலிருந்து ஓடி வந்தார். “அண்ணி, என்ன ஆச்சு?” “ஒரு ஆளைத் திரும்ப வேலைக்குச் சேத்துட்டேன்!” நாத்தனார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

மறுநாள் முதலாளிக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கில்லை. “நாக்கைத் திரும்பப் போட்டா விலை ஏறிடும். ஆர்டர் போயிடும்மா. அந்த நர்ஸ் ஒண்ணும் குறை சொல்லலையே!”

“வாய் சொல்லல, கால் சொல்லுது. ஒரு ராத்திரிக்கு எத்தனை தரம் திரும்பி நடக்குறாங்க? அந்தச் செலவை உங்க கணக்குலேர்ந்து எடுத்து அவங்க கால்ல வெச்சுட்டோம். வேற ஒண்ணும் நடக்கல.”

சொல்லிவிட்டார். பிறகு வெல்டிங் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொடுத்த வாக்கு அங்கேதான் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டறை மேசைமேல் தாழ்ப்பாளைப் பிரித்துப் போட்டு, ஃபோர்மேனும் அவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். இப்போது கேள்வி மாறியிருந்தது. நாக்கு எதுக்கு என்பது தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை வேறு எது போடும்? மணி வேண்டாம், விளக்கு வேண்டாம். தாழ்ப்பாளில் ஏற்கெனவே ஒரு தகடு இருக்கிறது, சும்மா தாழைத் தாங்கிக்கொண்டு.

“இதையே மூணு பக்கம் வெட்டி, கொஞ்சம் வளைச்சு விட்டா?” என்றார் எதுக்கம்மா.

“ரொம்ப வளைச்சா உடையும்” என்று இழுத்த ஃபோர்மேன், அதற்குள் இடுக்கியைக் கையில் எடுத்திருந்தார். முதல் தகடு ஊமை. அடுத்தது கீச்சென்று கத்தியது. இன்னொன்று உடைந்தே போனது. உணவு வேளையை மறந்து பிரிவே சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, வளைவை இன்னும் கொஞ்சம் தணித்து மாட்டிய தகடு, தடுப்பைத் தூக்கியதும் சுத்தமாகச் சொன்னது:

டக்.

தனி நாக்கும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, ரிவெட்டும் இல்லை. தகட்டை எப்படியும் பிரஸ்ஸில் வெட்டுகிறார்கள், அதே அடியில் நாக்கும் வந்துவிடும். விலை சொன்ன இடத்திலேயே நின்றது. வெல்டர் ஒருவர் ஓடிப் போய் முதலாளியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “டக்குன்னுதான் கேக்குது!” என்று முதலாளி குழந்தை மாதிரி நாலு முறை தூக்கி இறக்கிவிட்டு, அப்பாவின் சின்னத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

வார்டில் மறுபடியும் சோதனை. ஆயிரம் முறை தூக்கி இறக்கியும் சலிக்காத தகட்டோடு கட்டில்கள் வந்திருந்தன. அதே நர்ஸ். வாசலில் நின்ற தோழியிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் தடுப்பைத் தூக்கினார். டக். பேச்சும் நிற்கவில்லை, நடையும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டார். ஃபோர்மேன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி ஆர்டரில் கையெழுத்து வாங்க ஓடினார்.

எல்லோரும் போன பிறகு எதுக்கம்மா மூலை ஸ்டூலில் இருந்து எழுந்தார். காலியாகக் கிடந்த கட்டிலின் தடுப்பை இறக்கினார், தூக்கினார். டக். மறுபடி இறக்கினார், தூக்கினார். டக்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தானே மாட்டியிருக்கு? அது எதுக்கும்மா சும்மா சும்மா?”

எதுக்கம்மா யோசித்துப் பார்த்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு தரம் தூக்கி மாட்டினார்.