ஏழாம் நம்பர் இன்னும் முடிவு செய்யவில்லை

கசெட் சுழலத் தொடங்கி, யாரும் வாய் திறப்பதற்கு முன் ஒரு சத்தம் வரும். ஒரு சிறிய அறைக்குள் கடலை அடைத்து வைத்தது போல. பிறகு நாற்காலி ஒன்று இழுபடும். யாரோ தொண்டையைச் செருமுவார்கள். இந்த வயதிலும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எனக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான்.

ஒலிநாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது விசித்திரமான தொழில்: பேசுகிறவருக்கு நம்மைத் தெரியாது, வாசிக்கிறவருக்கு நம் நினைவு வராது. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. முன்பக்கம் அழுத்தினால் குரல் ஓடும். குதிகாலால் அழுத்தினால் ஒரு வாக்கியம் பின்னுக்குப் போகும். பிறர் பேச்சைச் சுமந்து கழுத்து நொந்தவர்கள் எல்லாருக்கும், வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் குரல்கள் கூடவே வருவது தெரிந்திருக்கும்.

மூச்சும் கவலையும்

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தபோது என்னிடம் ஒரு இலக்கியப் பட்டமும் வேகமான பத்து விரல்களும் இருந்தன. விரல்களை மட்டுமே கேட்டார்கள். ஹோல்போர்ன் பக்கம், மக்களின் கருத்தை விசாரித்துச் சொல்லும் ஒரு சின்னக் கம்பனி. முதல் சில வருடங்கள் சவர்க்காரம், பாணுக்குப் பூசும் மாஜரின், பூனைச் சாப்பாடு பற்றிய பேச்சுத்தான். கேட்டது கேட்டபடி அடிக்க வேண்டும். இருமினால் இருமல், பேசாதிருந்தால் மௌனம்.

ஒரு நாள் மாஜரினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் நடுவில் நிறுத்திப் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் ஒரு முழு வீடு இருந்தது. நான் ‘கவலையுடன் பெருமூச்சு விடுகிறார்’ என்று அடித்துவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் மொரீன், அயர்லாந்துக்காரி, தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூச்சை அடி. கவலையை அடிக்காதே. அதைக் கண்டுபிடிக்க மேல்மாடியில் பெரிய சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.”

யாருடைய ஆளும் இல்லை

தொண்ணூற்றிரண்டில் எங்கள் மேசைகளுக்கு அமெரிக்கா வந்தது. அங்கே ஜனாதிபதித் தேர்தல். யார் வெல்வார் என்று இங்கே சிட்டி என்கிற பங்குச்சந்தை வட்டாரத்தில் பணம் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமாம். இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்களும் எப்படியும் தங்கள் கட்சிக்கே போடுவார்கள், ஒரு கட்சியிலும் சேராமல் நடுவில் நிற்பவர்கள் சாயும் பக்கம்தான் நாடு சாயும் என்று மேல்மாடியில் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஒன்பது பேரை, தொழிற்சாலை மூடிய ஒரு சிறிய ஊரில், நூலகத்துப் பின்னறையில் மாதம் ஒரு தடவை இருத்திப் பேச வைத்தார்கள். கசெட்டுகள் விமானத்தில் எங்களிடம் வந்தன. பெயர் கிடையாது, நம்பர்தான். மூன்று ஒரு சிகையலங்காரக்காரி. ஏழு, அந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவர்.

ஏழாம் நம்பரின் குரல் ஈரமான மரம் போல. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் விடும் மௌனத்தில் தூரத்துச் சரக்கு ரயில் ஒன்று போவது கேட்கும். ஒரு தடவை, வேலையில்லாதவர்களின் தொகை குறைந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறதே, இது உங்கள் வாக்கை மாற்றுமா என்று கேட்டார்கள். ரயில் போய் முடிந்தது. அவர் சொன்னார்: “நான் வேலை தேடுவதை விட்டுவிட்டேன், அதனால் என்னை இப்போது எண்ணுவதில்லை. தொகை குறைந்ததற்கு நானும் உதவி செய்திருக்கிறேன்.”

எல்லாருக்கும் ஒரே தேத்தண்ணி

அதே வருடம் வசந்தத்தில் எங்கள் நாட்டுத் தேர்தலும் வந்தது. எங்கள் நாடு என்று இங்கிலாந்தைச் சொல்ல அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். இவர், என் கணவர், கம்பனிகளுக்கு வரைபடம் போடும் படவரைஞர். இல்ஃபர்ட் பக்கத்தில் வேலை பார்த்த கம்பனி மாசியில் மூடியதால் எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டின் முன்னறையில் பகல் முழுக்க இருந்தார். வாக்குக் கேட்டு மூன்று கட்சிக்காரரும் வெவ்வேறு நாளில் மழையில் நனைந்தபடி வந்தார்கள். மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, “எங்களுக்குப் போடுவீர்களா?” என்றதற்கு ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்.

“மூண்டு பேருக்கும் எப்பிடியப்பா ஓம் எண்டனீங்கள்?” என்றேன்.

“வாசலுக்கு வந்தவனுக்கு இல்லை எண்டு சொல்லுறதே? அதுவும் நனைஞ்சு வந்தவங்கள்.”

தேர்தலன்று பின்னேரம் மூன்று கட்சிக்காரரும் தங்கள் ஆதரவாளரைச் சாவடிக்கு ஏற்றிப்போகக் காருடன் வந்து, எங்கள் வாசல் படலையில் ஒன்றாக நின்றார்கள். இவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, திகைத்து, மூன்று பேருக்கும் கும்பிடு போட்டார். அவர்களில் ஒரு இளம்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: எங்களில் யாருக்குப் பொய் சொன்னீர்கள்? இவர் ஒரு காரிலும் ஏறாமல், குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: “ஒருத்தருக்கும் இல்லை. எல்லாருக்கும் ஒரே தேத்தண்ணி.”

சகுனம்

கோடையில் இவர் வேலை தேடுவதை நிறுத்தினார். அதை என்னிடம் சொல்லவில்லை. காலையில் சவரம் செய்வது நின்றபோது எனக்குத் தெரிந்தது. மாலையில் நான் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரே கேள்வி: “இண்டைக்கு ஏழாம் நம்பர் என்ன சொன்னவர்?”

நான் சொல்வேன். புதுக் கசெட் இல்லாத நாளில் பழையதைச் சொல்வேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ரயில் பாதை இருந்தது. வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கும் அந்த நீண்ட மாலைகளில், போவது நம் ரயிலா, ஏழாம் நம்பரின் மௌனத்துக்குள் போன ரயிலா என்று எனக்கே மயங்கும். இரண்டு முன்னறைகள், இரண்டு ஆண்கள், இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி. நடுவில் ஒரு சமுத்திரம். அது என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது.

ஆவணியில் தென் லண்டன் ஸ்ட்ரெதத்திலிருந்து என் தம்பி வந்தான். அங்கே லிஃப்ட் கம்பனி ஒன்றின் உதிரிப்பாகக் கடையில் கவுண்டருக்கு ஆள் தேவை, ஐப்பசி முடிவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றான். இவர் தலையசைத்தார், போகவில்லை. தம்பி மறுபடி வந்திருந்தபோது, போகச் சொல்லி நான் கெஞ்சிய அன்று, வெட்கத்தோடு உண்மையைச் சொன்னார். பயணம் கிளம்ப முன் சகுனம் பார்ப்பது போல, ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்: “அந்த மனுசனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், அப்ப நானும் போறன். ரெண்டு பேருக்கும் ஒரே கிரகமப்பா.”

தம்பி என்னைப் பார்த்தான், பிறகு தன் அத்தானைப் பார்த்தான். “அத்தான், ஊரிலை பல்லி சொல்லும் எண்டு இருந்தனாங்கள். நீங்கள் அமெரிக்காவிலை பல்லி வளர்க்கிறியள்.”

வெறும் நாற்காலி

ஐப்பசிக் கசெட் வந்தபோது தம்பி சொன்ன தவணை முடியச் சில நாள்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டினேன். கடல் இரைந்தது. நாற்காலிகள் இழுபட்டன. பேச்சை நடத்துபவர் ஒவ்வொரு நம்பராக வணக்கம் சொல்லி, ஆறுக்குப் பிறகு எட்டுக்குப் போனார். ‘ஏழாமவர் இன்று வரவில்லை, அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்’ என்றார். அந்தப் பிறகு வருவதற்கு முன் நாடாவின் முதல் பக்கம் முடிந்தது. அவசர வேலையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் தனி நாடாவில் நகல் எடுத்து, மறுபக்கத்தை வேறொரு பெண் அடிப்பாள்; அதன் கசெட்டும் பிரதியும் மொரீனின் பூட்டிய மேசைக்குள் இருந்தன, அவரோ வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சப்பாத்தைக் கழற்றாமலே நின்றேன். “கதிரை வெறுமையாம்” என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன். இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் முழுதாகப் போனது. பிறகு சொன்னார்: “நாங்கள் அவரையே பாத்திருந்து, அவரை நல்லாக் களைக்கப் பண்ணிப்போட்டம் போல.”

கட்டில்

காலையில் கோட்டைக் கழற்ற முன்பே மொரீனிடம் போய் மறுபக்கத்தைக் கேட்டேன். காரணம் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரதியைத் தந்தார். எழுத்தில் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. கசெட்டையே வாங்கி, மிதியில் காலை வைத்தேன்.

மூன்றாம் நம்பர், அந்தச் சிகையலங்காரக்காரிதான் பேசினாள். ஏழாமவருக்கு இரண்டு மாநிலம் தள்ளி, கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. பழைய சம்பளத்தில் பாதிதான். வீட்டை விட்டுப் போய்விட்டார். போன இடத்தில் வாக்காளராகப் பதிய மறந்துவிட்டார், இனிக் காலமும் இல்லை. நடத்துபவரின் குரல் இறங்கியது. வசந்தத்திலிருந்து எல்லாரும் காத்திருந்தது அந்த ஒரு வாக்குக்காக. அப்படியானால் கடைசியில் அவர் யார் பக்கம் சாய்ந்தார் என்று கேட்டார். அவள் சிரித்தாள்: “நான்தான் லொறியில் சாமான் ஏற்ற உதவினேன். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் மழையில் நனையுமா என்றுதான் கேட்டான்.”

மத்தியான இடைவேளையில் தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடி வீட்டுக்கு அழைத்தேன்; இவர் எடுத்தார். சொன்னதும் மறுமுனையில் சத்தமில்லை. என் தொழிலில் எல்லா வகை மௌனமும் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதை எப்படி அடிப்பதென்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் தூரத்தில். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தார். “இஞ்சேருமப்பா, என்ரை நீலச் சேர்ட் எங்கை? முகம் வழிச்சுப்போட்டு ஸ்ட்ரெதத்துக்குப் போறன்.”

கார்த்திகையில் அமெரிக்கா வேறொரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தது. ‘வேலையும் நடுநிலை வாக்காளரும்தான் காரணம்’ என்று மேல்மாடியில் ஒரு வரி எழுதினார்கள். அதையும் நான்தான் அடித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஒரு நாட்டின் தலைவிதியைக் கையில் வைத்திருப்பவர் யாரென்று என்னைக் கேட்டால், லொறியில் கட்டிலை ஏற்றிவிட்டு வானத்தைப் பார்க்கிறவர் என்பேன். ஏழாம் நம்பரின் குரல் அதற்குப் பிறகு ஒரு கசெட்டிலும் வரவில்லை. இவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கவுண்டரிலேயே லிஃப்ட் உதிரிகளை எடுத்துக் கொடுத்தார், படம் வரையும் பென்சிலை மறுபடி தொடவில்லை.