ஒரு கிலோ நூற்றுத் தொண்ணூறு கிராம்

என் மனைவி தன் மடிக்கணினியில் எதைத் தேடுகிறாள், எதைப் படிக்கிறாள் என்பதை அவளுக்குத் தெரியாமல் நான் பார்த்துவருகிறேன். பதினொரு மாதங்களாக. ஒரு நாளும் தவறாமல்... இல்லை, நடுவில் பத்தொன்பது நாட்கள் பார்க்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

எழுதிவிட்டேன்! பேனா பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மந்தைவெளியில் வீடு. பெருங்குடியில் ஓர் ஆய்வகத்தில் தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. இருபத்தேழு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, பறக்கும் ரயில் எத்தனை நிமிடம் தாமதம், என் மனைவி ரேவதிக்கு எப்போது தலைவலி வந்தது... எல்லாம் அதில் இருக்கும். இது மட்டும் இன்றுவரை இல்லை. இப்போது இந்த ஆண்டுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ரேவதி இல்லை என்பது மட்டும் உறுதி. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எல்லாம் அவள் வலது தோளில் ஆரம்பித்தது. தோள் இறுகிப்போய், எங்கள் பழைய மடிக்கணினியைத் தூக்க முடியவில்லை. இரண்டு கிலோ அறுநூறு கிராம். மின்கலமும் செத்துவிட்டது, சுவரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி அது வரவேற்பறையிலேயே கிடந்தது. அவள் அதில் எதைப் படித்தாலும் பின்னால் நான் போய் நிற்பேன். “என்ன படிக்கிறே?” என்பேன். சும்மாதான் கேட்பேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சும்மாதான் கேட்டுவந்தேன்!

ஒருநாள் அவள் சொன்னாள்: “எனக்குன்னு ஒண்ணு வேணுங்க. லேசா, விலை கம்மியா. வேற ஒண்ணும் பண்ணப் போறதில்ல. நெட்ல நாலு விஷயம் பார்ப்பேன், படிப்பேன், அவ்வளவுதான். ஆனா நீங்க எட்டிப் பார்க்கக் கூடாது.”

“பார்க்க மாட்டேன்.”

“உங்க டைரி அலமாரியில பூட்டாமத்தான் இருக்கு. நான் ஒரு நாளாவது தொட்டிருக்கேனா?”

இல்லை. தொட்டதே இல்லை. நான் வாக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த நான்கு வாரங்கள்... என் வாழ்க்கையிலேயே அப்படி ஓர் உற்சாகம் இருந்ததில்லை! பதினான்கு கட்டங்கள் போட்டு ஓர் அட்டவணை. எடை, திரை, மின்கலம் தாங்கும் நேரம், விசைகளின் மென்மை, விசிறிச் சத்தம். வலைத்தளம் பார்க்க மட்டும் என்றால் எவ்வளவு போதும், எதற்கெல்லாம் வீணாகக் காசு கொடுக்கக் கூடாது என்று ரயிலில் படித்தேன், சாப்பிடும்போது படித்தேன். சனிக்கிழமைதோறும் தி. நகர். என் பையில், கணினிகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் கொக்கித் தராசு. ஆய்வகத்தில் நானே சோதித்து எடுத்துவந்தது. கடைக்காரர்கள் அட்டையில் போட்டிருக்கும் எடையை நான் எப்படி நம்புவது?

நான்காவது சனிக்கிழமை, ஒரு கடையில் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினேன். நரைத்த மீசைக்கார விற்பனையாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இன்னா சார், வஞ்சிரமா வாங்குற? அப்டியே தலையை வெட்டிக் குடுக்கவா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“கேம் ஆடுவாங்களா சார்?”

“இல்லை.”

“வீடியோ எடிட்டிங்?”

“இல்லை. என் மனைவி வலைத்தளங்கள் படிப்பாள்.”

“அதுக்கா நாலு வாரமா வந்துக்கினு கீற? கல்யாணத்துக்கே நீ இவ்ளோ விசாரிச்சிருக்க மாட்டியே சார்!”

வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க ஒன்றை வாசல்வரை தூக்கிப்போய்க் காட்டியவரும் அவர்தான். அதுதான் அமைந்தது. பதினான்கு அங்குலத் திரை, விசிறியே கிடையாது, ஒன்பது மணி நேரம் தாங்கும், முப்பதாயிரத்துக்குள். ஒரு கிலோ நூற்றுத் தொண்ணூறு கிராம்! நடைபாதையில் நின்று ரேவதிக்குத் தொலைபேசியில் கத்தினேன். அவளும் கத்தினாள்.

தவறு அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நடந்தது. கணினியைத் திறந்ததும் இணையம் பார்க்கும் உலாவி ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்டது. ரேவதிக்குத் தன் கடவுச்சொல் நினைவில்லை. “ஏதோ ஒண்ணு போடுங்க, காபி ஆறுது” என்றாள். என் கணக்கைப் போட்டேன், தற்காலிகமாக. சத்தியமாக, அப்போது வேறு எண்ணமே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ரயிலில், ஏதோ ஒரு பக்கத்தை மறுபடி பார்க்க என் கைப்பேசியின் தேடல் வரலாற்றைத் திறந்தேன். அங்கே நான் தேடாத ஒன்று இருந்தது: ‘தோள் இறுக்கம், வலிக்காத பயிற்சிகள்.’ கீழே: ‘கிழங்கான் மீன் குழம்பு, தேங்காய் இல்லாமல்.’ அதற்குக் கீழே: ‘நாற்பத்தொன்பது வயதில் நீச்சல் கற்கலாமா.’

நீச்சல்! ரேவதி நீச்சல் என்ற சொல்லைக்கூட என்னிடம் சொன்னதில்லை.

ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது: அவள் கணினியிலும் என் கணக்கே இருப்பதால், அவள் தேடுவதெல்லாம் என் கைப்பேசிக்கும் வருகிறது. சரிசெய்ய இன்னும் இரண்டு நிமிடம் போதும். எப்படிச் செய்வது என்பதும் தெரியும். செய்தேனா?

மறுநாள் காலை, எங்கள் குடியிருப்பு வாசலுக்கு மீன் கூடையோடு வரும் ஸ்டெல்லாவிடம் கிழங்கான் வாங்கினேன். ரேவதி பையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “நேத்துலேருந்து இதே நினைப்பா இருந்தேங்க...” அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒரு மாதத்தில் அடையாற்றில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பின் விண்ணப்பத்தை அவள் முன் வைத்தேன். “தோளுக்கு நல்லதாம்” என்றேன், மிகச் சாதாரணமாக. அவள் அழுதேவிட்டாள். அவளுக்குப் பிடித்த நீல நிறப் பருத்திப் புடவை, அவள் படிக்க நினைத்த பயணக் கட்டுரைத் தொகுப்பு, ‘தம்பியோடு மறுபடி பேசுவது எப்படி’ என்று அவள் தேடிய வாரத்திலேயே அவனுக்கு நானாகப் போட்ட அழைப்பு... ஒவ்வொரு நாளும் எனக்குத் தீபாவளி! ரயில் ஏறக் காத்திருப்பேன். அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்திருக்கிறேன் என்ற வெட்கம்கூட அந்தப் பரபரப்பில் அடங்கிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ரேவதி பெருமையடித்துக்கொண்டிருந்தாள். “நான் வாயத் தொறக்கவே வேணாம் ஸ்டெல்லா. மனசுல நினைச்சா போதும், இவர் வாங்கிட்டு வந்துடுவார்.”

ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என் வூட்லயும் ஒண்ணு கீதேக்கா. முப்பது வருசமா கடல்ல வலை போட்டுக்கினு கீது. என் மனசுல இன்னா கீதுன்னு மட்டும் இன்னும் ஒரு நாளும் மாட்டல!” பிறகு என்னிடம், “சார், இன்னா மருந்து சாப்புடுற? எங்க ஆளுக்கும் கொஞ்சம் குடேன்” என்றாள்.

ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளே போய்விட்டேன். அவள் என்னைத் தவிர வேறு யாரையோ புகழ்வது போலிருந்தது.

அன்று பிற்பகல் அவள் நீச்சலுக்குப் போனதும் அவள் கணினியிலிருந்து என் கணக்கை நீக்கினேன். இரண்டே நிமிடம். எவ்வளவு நிம்மதி! இனி நானே, என் சொந்தப் புத்தியால், இவளைப் புரிந்துகொள்வேன் என்று முடிவெடுத்தேன்.

எனக்குப் புரியவில்லை. ஒன்றுமே புரியவில்லை! அவள் மௌனமாக இருந்தால் அது களைப்பா கோபமா என்று தெரியவில்லை. பயந்து பயந்து பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பதினான்காம் நாள் எங்கள் திருமண நாள். யோசித்து யோசித்து ஒரு பரிசு வாங்கினேன். சமையலறைத் தராசு. ஒரு கிராம்வரை காட்டும்.

“நல்லா இருக்குங்க” என்றாள் ரேவதி. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்: “என் மேல ஏதாவது வருத்தமா?”

“இல்லையே.”

“அப்புறம் ஏங்க மறுபடியும் பழையபடி ஆயிட்டீங்க?”

அவள் குளிக்கப் போனாள். நான் அவள் கணினியைத் திறந்தேன். இந்த முறை தற்காலிகமாக என்று என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. என் கணக்கைத் திரும்பப் போட்டேன்.

கணினியில் தங்கியிருந்த பத்தொன்பது நாட்களும் மொத்தமாக என் கைப்பேசியில் வந்து இறங்கின. ‘கணவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால்.’ ‘ஐம்பது வயது ஆண்களுக்கு மனச்சோர்வு.’ ‘மறதி நோய், ஆரம்ப அடையாளங்கள்.’ திருமண நாளுக்கு மறுநாள், பிற்பகல் மூன்று பத்துக்கு: ‘கணவருக்கு வேறு தொடர்பு இருந்தால் எப்படித் தெரியும்.’ மூன்று பதினொன்றுக்கு: ‘கொத்தவரங்காய் வற்றல் போடும் முறை.’

ஒரே ஒரு நிமிடம்தான் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்! பிறகு அதை மூடிவிட்டுக் கொத்தவரங்காய்க்குப் போய்விட்டாள். அந்த ஒரு நிமிடத்தை நான் பதினொரு மாதங்களாக அவளிடமிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்...

அன்றே சொல்லியிருக்க வேண்டும். குளித்துவிட்டு வந்தவளை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ‘பெசன்ட் நகர் கடற்கரை, மாலையில் கூட்டம் இல்லாத பகுதி.’ என் நெஞ்சு மறுபடி துள்ள ஆரம்பித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் துள்ளியது! ஐந்து மணிக்கெல்லாம் அவளை அங்கே அழைத்துப் போனேன்.

மணலில் உட்கார்ந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை மணலில் புதைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“இங்க வரணும்னு ஒரு வாரமா நினைச்சிட்டிருந்தேன். வந்துட்டீங்க பாருங்க.”

“சும்மாதான்... தோணிச்சு.”

“உங்க டைரியில என்னைப் பத்தி என்ன எழுதறீங்கன்னு எவ்வளவோ நாள் ஆசையா இருந்திருக்கு. தொட்டதில்ல. இனிமே அந்த ஆசையும் வராது. நீங்கதான் என் மனசையே படிச்சிடறீங்களே.”

இது நடந்து நான்கு நாட்கள் ஆகின்றன. ரேவதி இப்போது பால்கனியில் இருக்கிறாள். இடது கையாலேயே கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். எதையோ தட்டுகிறாள், தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். இந்தக் குறிப்பேட்டை வழக்கம்போல் பூட்டாமல் அலமாரியில் வைக்கப் போகிறேன். அவள் இதைத் திறக்கமாட்டாள்.

நாளை காலை எட்டு பன்னிரண்டு ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடிப்பேன். கைப்பேசியை வெளியே எடுக்க மாட்டேன் என்று உங்களிடம் எழுதிக்கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் நடக்காததை நான் இந்தக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.