கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் துவாயும்

மாமாவின் கறுப்புக் கண்ணாடி பெண்கள் போடுகிற வகை. இரு பக்கமும் பொன்னிறப் பூ. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, ஆரையம்பதியில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்த நிவாரண மூட்டையில் அது கிடந்தது. அதே மூட்டையிலிருந்த கம்பளிக் கையுறைகளை எவரும் சீண்டவில்லை. கண்ணாடியை என் அம்மாவின் தம்பி எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண்நோய். அந்த வாரமே களுவாஞ்சிக்குடிக்குப் பெண் பார்க்கப் போகவும் வேண்டும்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. முதலில் நந்தியாவட்டைப் பூ. பிறகு மஞ்சளில் நனைத்த துணி. பிறகு பக்கத்து வகுப்பறையில் பிள்ளை பெற்றிருந்தவளின் தாய்ப்பால். கண்ணகி அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன். கடைசியாக, யாரோ மிச்சம் வைத்த சொட்டு மருந்து. அது பக்டீரியாவுக்கானது, வைரஸுக்குக் கேட்காது என்பதை இன்று நான் அறிவேன். கண் பின்னர் தானாகவே சுகமானபோது, வைத்தியம் சொன்ன அத்தனை பேரும் வெற்றியைத் தமதென்றார்கள், அம்மன் ஒருவரைத் தவிர.

ஆனால் பெண் பார்க்கும் நாளில் கண் இன்னும் செவ்வரத்தம்பூவாய்ச் சிவந்திருந்தது. மாமாவின் தோணியையும் வலையையும் கடல் கொண்டுபோயிருந்தது. இந்தச் சம்பந்தம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே வீடு போன மாப்பிள்ளை பெரிய குறையில்லை. கண் போன மாப்பிள்ளைதான் குறை. கண்நோய்க்காரன் பார்த்தாலே நோய் ஒட்டும் என்று ஊரே நம்பியதால், "என்ன நடந்தாலும் கண்ணாடியக் கழட்டிப்போடாத தம்பி" என்று அம்மா மாமாவிடம் சத்தியம் வாங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வாசலில் கால் கழுவத் தண்ணீரும் புது வெள்ளைத் துவாயும் தந்தார்கள். மாமா முகத்தையும் கழுவி, கண்ணாடியைச் சற்றே உயர்த்திக் கண்களை நன்றாக ஒற்றிக்கொண்டார். அதே துவாயால் பெண்ணின் தகப்பனும் தாயும் சித்தப்பாவும் வியர்வை துடைத்தார்கள்.

"தம்பி, வீட்டுக்குள்ள வெயில் அடிக்கல்லயே?" என்றார் சித்தப்பா.

"பழக்கமாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே மாமா பலகாரத் தட்டென்று நினைத்து வெற்றிலைத் தட்டுக்குள் கையை விட்டார்.

"பார்வை தெரியாதோ என்னவோ" என்று தாய் முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது. அந்நேரம் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாமா சத்தியத்தை மறந்தார். கண்ணாடியைக் கழற்றி அவளை, அவளை மட்டும், ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

சில நாளில் அந்த வீட்டில் கண்நோய். "பார்த்தே தந்திட்டான். இந்தச் சம்பந்தம் வேணாம்" என்று தகப்பன் ஆளனுப்பினார். மாமா சாப்பிடாமல் கிடந்தார். அங்கே என்ன நடந்ததென்று பின்னர் தரகர் வந்து சொன்னார். பெண் தகப்பனின் முன்னால் நின்று சொன்னாளாம்:

"அவர் பாத்தது என்னை மட்டுந்தான், அப்பா. எனக்கு ஒண்டும் வரல்ல. அந்தத் துவாயால துடைச்ச ஆக்கள் எல்லாருக்கும் வந்திருக்கு. மாப்பிள்ளைய விட்டுப்போட்டு, துவாய அவிச்சுப் போடுங்க."

தகப்பன் செங்கண்ணால் அவளை நீண்டநேரம் பார்த்தாராம். அந்தப் பார்வையாலும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கலியாணம் நடந்தது.

இன்று நான் கண் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் கேட்பது பலமான மருந்து. கைகழுவுங்கள், குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள், உங்கள் துவாயை வேறாக்குங்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. வலி கூடினால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் டொக்டர் உடனே பார்க்க வேண்டும். சில வகை வைரஸுக்குத் தனி மருந்து உண்டு. மற்றபடி பொறுமைதான் மருந்து. அதை எந்த மருந்துக் கடையிலும் விற்பதில்லை.

போன மாதம் மாமா வந்தார். மறுபடி கண்நோய். அதே கண்ணாடி; ஒரு பக்கத்துப் பூ உதிர்ந்து, காதில் மாட்டும் கம்பி நூலால் கட்டப்பட்டிருந்தது. பார்த்தால் எனக்கும் ஒட்டிவிடும் என்பதுபோல் வாசலிலேயே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் வந்த மாமி அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த மாமாவின் துவாயை எனக்குக் காட்டினார்.

"நல்லாப் பாரு மகள், பயப்பிடாத. இதை மட்டும் தொட்டிராத."