அத்தையின் நம்பர்

எங்கள் ஊர் கோபியில் மருந்துக்கடைக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் எந்தக் கடைக்காரரும் ஏதோ ஒரு வழியில் எங்களுக்கு மாமனோ மச்சானோ ஆகிவிடுவார். மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டை அங்கே நீட்டினால், நான் வீடு சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் மாதாமாதம் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். டாக்டரும் அங்கே, மருந்தும் அங்கே. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அவ்வளவு சூதானமாக இருந்தவள் ஒரே இடத்தில் கோட்டை விட்டேன். கோயமுத்தூர்க் கடைக்காரர் "போன் நம்பர் சொல்லுங்க" என்றதும், வாய் தன்பாட்டுக்கு அத்தையின், அதாவது என் மாமியாரின், நம்பரைச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் கேஸ், மளிகை, கரண்ட் பில் எல்லாம் அந்த ஒரே நம்பரில்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒப்பித்த பழக்கம்.

அடுத்த மாதம் வீட்டில் விருந்து. உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான். என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னாள் ஒரு பெண்.

"மாத்திரைக் கம்பெனியிலிருந்து பேசறோமுங்க. உங்க மனச்சோர்வு மாத்திரை நாளையோட முடியுதுங்க. நிறுத்திப்போடாதீங்க. எங்களோட புது மாத்திரையும் வந்திருக்குதுங்க, டாக்டருகிட்டக் கேட்டுப் பாருங்க."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. பந்தி முழுக்க என் பக்கம் திரும்பியது.

அன்றோடு எனக்குக் கோபப்படும் உரிமை போயிற்று. பால்காரரிடம் தண்ணிப் பாலுக்குச் சண்டை போட்டால், "கண்ணு, மாத்திரை போட்டயா?" என்பார் அத்தை. அன்பாகத்தான் கேட்பார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாத்தனாரோ போனில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே, "அண்ணன்கிட்டக் குடுங்க" என்பாள்.

கோயமுத்தூர் போய் அந்தக் கடைக்காரரைப் பிடித்தேன். என் சீட்டில் இருப்பதைக் கம்பெனிக்குக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கம்பெனிக்காரங்க கேட்டாக் குடுப்போமுங்க. நம்பர் சொன்னது நீங்கதானுங்களே?"

அட, என்ன திமிர்! வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "ஏனுங்க, இவுங்கள சும்மா உடறதா? எம்பட நோவ வித்துப்போட்டு, எம்மேலயே பழி போடறானுங்க! புகார் எழுதோணும், பேப்பர் எடுங்க!" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். ஆரம்பத்திலிருந்து கூட நின்றவர். அந்த மாத்திரையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து கேட்காதவர்.

பேப்பரை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இன்னிக்கு மாத்திரை போட்டயா?"

போட்டிருந்தேன். காலையிலேயே போட்டிருந்தேன்.