இரண்டு மணிக்கு வந்த வினிதா

அன்றிரவு கோவிட் வார்டில் இருந்தவர்கள்: நர்ஸ் பொற்கொடியாகிய நான். பதினோரு நோயாளிகள். கதவுக்கு வெளியே செக்யூரிட்டி திம்மராயன். பிறகு, வினிதா. கடைசிப் பெயரைச் சேர்க்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பார்த்தது நான்.

2021 மே. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை. இரவு எட்டு மணிக்குக் கவச உடைக்குள் நுழைந்தால் இரண்டு மணிவரை தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. டயாப்பர்தான். முந்தின வருஷம் எங்களுக்குக் கைதட்டினார்கள். இந்த வருஷம் மாற்று ஆள் அனுப்பக்கூட ஆள் இல்லை.

உடைக்குள் எல்லோரும் ஒன்றுதான். அதனால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம்.

"எல்லாம் ஒரே வெள்ள மூட்டை. பேரு இல்லாட்டி யாரு எவருன்னே தெரியாதும்மா" என்று மூச்சிரைக்கச் சிரிப்பார் ஏழாம் படுக்கை காத்தூன் அக்கா. பக்கத்திலுள்ள பேரிகை ஊர்க்காரர். அவருடைய ஆக்சிஜன் சிலிண்டர் மூன்று மணிக்குத் தீரும். அதற்குள் மாற்றவில்லையென்றால் அவர் பிழைக்கமாட்டார்.

மணி 1.30. எனக்குக் கண் இருட்டியது. சூப்பர்வைசர் ராசாத்தி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வினிதாவுக்குக் காய்ச்சலாச்சேக்கா. வருவாளா?"

"மாத்திர போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். உனக்கு மட்டுந்தான் ஒடம்பா? அவ வரலன்னா விடியற வரைக்கும் நீயே நில்லு."

2.05.

சரக்... சரக்...

கவச உடை உரசும் சத்தம். திரும்பினேன். நெஞ்சில் 'வினிதா'.

படுக்கை படுக்கையாக ஒப்படைத்தேன். அவள் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏழுக்கு மூணு மணிக்குச் சிலிண்டர் மாத்தணும். மறந்துடாதடி."

ஆட்டினாள்.

அப்போதுதான் அவள் முகக் கண்ணாடியைப் பார்த்தேன். மூச்சு பட்டு எல்லோருக்கும் உள்பக்கம் ஆவி படியும். எனக்கு எதிரே இருப்பதே மங்கல்தான்.

அவளுடையது... துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

உள்ளே கண்கள்.

இமைக்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நான் நிற்க வேண்டிவரும்.

வார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

ஓடினேன்.

உடை மாற்றும் அறை பெஞ்சிலேயே விழுந்து தூங்கிவிட்டேன். ஹாஸ்டலுக்குப் போனபோது காலை 8.20. வினிதாவின் அறை முன்னால் கூட்டம்.

"ராத்திரி 1.40க்கே போயிட்டாடி" என்றாள் அவளுடன் தங்கியிருந்த ஹரிணி. "கேட்டுக் கேட்டுப் பாத்தேன். ஒரு ஆம்புலன்ஸ் வரல."

வார்டுக்குப் போன் செய்தேன். பகல் ஷிப்ட் தர்ஷினி எடுத்தாள்.

"காத்தூன் அக்காவா? நல்லாதான் இருக்காங்க. மூணு மணிக்குச் சிலிண்டர் மாத்துனதா வினிதா எழுதி வச்சிருக்கா. ஏன்?"

சாயங்காலம் எல்லாவற்றையும் ராசாத்தி அக்காவிடம் சொன்னேன். அவர் வார்டு நோட்டைப் புரட்டினார். முகம் மாறவே இல்லை. அன்றைய டியூட்டி லிஸ்டை என் பக்கம் தள்ளினார்.

எட்டு மணி: பொற்கொடி. இரண்டு மணி: வினிதா.

"அக்கா... பேர அடிக்கலையா?"

"அடிச்சுட்டு அந்த எடத்துல யாரப் போடறது? நீ நிக்கிறியா?"

லிஸ்டை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

எட்டு மணிக்கு வார்டு வாசல். சொந்தக்காரர்கள் நுழைந்துவிடாமல் இருக்க அதை வெளியிலிருந்துதான் பூட்டுவார்கள். சாவி திம்மராயனிடம்.

"சிஸ்டர்" என்றார் மெதுவாக. "நேத்து ரெண்டு மணிக்கு நீங்க வெளிய வரத்தான் தொறந்தேன். உள்ள போக யாருக்கும் தொறக்கல."

உள்ளே போனேன்.

அவர் கதவைச் சாத்தி, பூட்டினார்.