மேலே பெட்டி இல்லாத அடுப்படி

எங்கள் புது வீட்டு அடுப்படி, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கட்டப்பட்டது.

எங்கள் பக்கத்தில் பையனுக்குப் பெண் கேட்டால், பெண் வீட்டார் முதலில் வந்து பார்ப்பது வீட்டைத்தான். வேலையைப் பற்றி வெளியில் விசாரித்துக்கொள்ளலாம். குணத்தைப் பற்றிப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம். வீட்டை மட்டும் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். ஆண்கள் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து, போரில் தண்ணீர் எப்படி, மரவள்ளி என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நேராக அடுப்படிக்குள் போவார்கள். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தே ஆண்கள் டீயை வேகமாகவோ மெதுவாகவோ குடிப்பார்கள்.

இரண்டு இடம் அப்படி வந்து, பழைய ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் அப்பா புது வீட்டுக்குக் கடைக்கால் போட்டார்.

அப்பா ரிக் வண்டி டிரைவர். போர் போடும் வண்டியோடு வருஷத்தில் பாதிக்கு மேல் வட மாநிலங்களில் இருப்பார். அம்மா பக்கத்து சேகோ ஃபேக்டரியில் ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தவள். நான் சேலத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். தினமும் ராசிபுரம் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுத்து அச்சடித்த எதுவாக இருந்தாலும் என் மடியில் வந்து விழும். மாத்திரை அட்டை, மோட்டாருக்கு வரும் கையேடு, பத்திரத்தின் நகல். வீடு முடியும் நேரத்தில் அடுப்படி கப்போர்டும் அப்படித்தான் வந்து விழுந்தது. கடைக்காரர்கள் கொடுக்கும் புத்தகம் முழுக்க ஆங்கிலம். "நீதான் படிச்சவன், நீயே பாரு சாமி" என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். ஆனால் நான் பார்த்த எதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை கப்போர்டு. ஒரு கடையில் ப்ளைவுட்தான் நிற்கும் என்றார்கள். அடுத்த கடையில், ப்ளைவுட்டைக் கரையான் தின்னும், பிவிசி போடுங்கள் என்றார்கள். மூன்றாவது கடையில், பிவிசி சூட்டில் வளையும் என்று ஒரு துண்டை எடுத்து வளைத்தே காட்டினார்கள். மைக்காவில் மட்டும் வெள்ளை எத்தனை வகை என்று அதுவரை எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் அம்மா ஒரே பதில் சொல்வாள்.

"வார்ற புள்ளைக்குப் புடிக்கோணும், அவ்வளவுதான்."

வருகிற பெண்ணுக்குப் பச்சை பிடிக்குமா, சாம்பல் நிறம் பிடிக்குமா? அவள் குட்டையா நெட்டையா? இடது கைக்காரியா? யாருக்குத் தெரியும்! அவள் ஜாதகம்கூட இன்னும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அலுப்பில் ஒருநாள், "அவ சமைக்கவே தெரியாதுன்னு சொல்லிட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டேன். "நீ சமைப்பயாமா, போ" என்றாள்.

கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை அமைந்தது. மளிகை மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஒரு சந்துக்குள் போக வேண்டும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் ஒரு பொருளை விற்பதற்கு இன்னொன்றைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு அப்போது பெரிய ஓய்வாக இருந்தது. அன்று அம்மாவோடு அத்தையும் வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. திருச்செங்கோட்டில் இருக்கிறாள். எனக்குப் பெண் தேடும் வேலை முழுக்க அவள் கையில்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாத கவுண்டர் வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது.

கடைக்குள் மாதிரிக்கு ஒரு அடுப்படி செய்து வைத்திருந்தார்கள். மேடை, மேடைக்குக் கீழே இழுப்பறைகள், மேடைக்கு மேலே சுவரில் வரிசையாகப் பெட்டிகள். பாய் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்கன வந்து நில்லுங்க. மேல் தட்டுல கை எட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க. ஆளுக்குத் தக்கன ஏத்தி இறக்கி வெச்சுக்கலாம்."

அம்மா போய் நின்றாள். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். முந்தானையைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"எட்டுதுங்க."

"கையத் தூக்கவே இல்லியேம்மா!"

"பாத்தாலே தெரியுதுங்களே. எட்டுமுங்க."

அத்தை சிரித்துவிட்டாள். "நங்கைக்குக் கண்ணுலயே அளவு எடுக்கத் தெரியுமுங்க பாய்" என்று தன் அண்ணியைக் கேலி செய்துவிட்டு, தானே போய்க் கையை உயர்த்திக் காட்டினாள். அவள் அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா சில மாதங்களாகத் தலையைக் குனிந்து, இடது கையால்தான் கொண்டை போடுகிறாள். பழைய வீட்டில் மேல் பலகையில் இருந்த உப்பு டப்பா, புளிப் பானை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தரைக்கு வந்திருந்தன. எலித் தொல்லை என்று சொல்லியிருந்தாள். எலி மேலேதான் வருமா என்று நான் கேட்கவில்லை.

அத்தை அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். பின்னால் ரிக் ஓடும் சத்தத்தில் அப்பா கத்தினார்.

"மேல் பொட்டியக் காட்டு! ம்... இன்னொரு வரிசை வெக்க முடியாதா? மேல பொட்டி இல்லாம என்ன அடுப்படி? ஊடு பாக்க வாரவங்க மொதல்ல நிமிந்துதான் பாப்பாங்க. தாழ்ப்பாளு நல்லதாப் போடச் சொல்லு."

"ஓடற வண்டியா அண்ணா இது, தாழ்ப்பாள் போடறதுக்கு?" என்றாள் அத்தை.

"உனக்கென்ன தெரியும்? குழியில எறங்குனா எல்லாம் கொட்டிப் போகும்."

பாய் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வருஷக்கணக்கில் லாரியிலேயே சமைத்துச் சாப்பிட்டவருக்கு எந்த அலமாரியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் போல.

அன்று சாயங்காலம் பழைய வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "கையத் தூக்கிக் காட்டும்மா."

"என்னத்துக்கு?"

"காட்டு."

தூக்கினாள். தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் முயன்றாள். நான் கையைப் பிடித்து இறக்கினேன். ஆஸ்பத்திரிக்கு அவளாகவே போய் வந்திருக்கிறாள். தோள்பட்டை இறுகிப்போச்சு, தினமும் பயிற்சி செய்யணும் என்று சொல்லியிருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக் கையை ஏற்றும் பயிற்சி. வலி தாங்காமல் விட்டுவிட்டாள்.

"அப்பாகிட்டச் சொல்லு. மேல பொட்டியே வேணாம்னு நானும் சொல்றேன்."

"உங்கப்பனுக்குச் சொன்னா உங்கத்தைக்குச் சொல்லுவாரு. உங்கத்தைக்குத் தெரிஞ்சா திருச்செங்கோடு பூராத் தெரியும். பையனோட ஆத்தாளுக்குக் கை வராதாமான்னு ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா எவன் புள்ள குடுப்பான்? வந்தன்னிக்கே என்ற புள்ள குண்டாத் தூக்கோணுமான்னு கேப்பாங்க. ஏற்கெனவே பொண்ணு கெடைக்காமத்தான் அல்லாடறோம்."

"அதுக்காக எட்டாத பொட்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"சும்மா கெடக்கட்டும். சாமான் கீழ வெச்சுக்கறேன்."

"குனிஞ்சு குனிஞ்சு எடுப்பயா? மூட்டு வலியும் சேந்து வரட்டுமா?"

"அவ வந்துட்டா எனக்கென்ன அங்க வேலை?"

அவள் எப்போது வருவாள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்கள் இருவருக்குமே சலித்துப்போயிருந்தது.

இரண்டு ராத்திரி யோசித்தேன் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். உண்மையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வந்த ஒரு சாயங்காலத்தில்தான் முடிவு வந்தது. ஏதோ ஒரு பெண் ஏதோ ஒரு நாள் வரலாம். நாளைக்குக் காலையில் அந்த அடுப்படியில் நின்று எனக்கு டிபன் கட்டப்போவது அம்மா. பாய்க்குப் போன் செய்தேன். சுவரில் எதுவும் வேண்டாம். மேடைக்குக் கீழே இடுப்பு உயரத்தில் இழுத்தால் முழுக்க வெளியே வருகிற மாதிரி இழுப்பறைகள். கனமான சாமான் மேல் இழுப்பறையில் வைக்கும்படி ஆழமாக. மீதிச் சாமானுக்கு மேடை ஓரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரே ஒரு தட்டு.

"மேல ஒன்னுமே வேணாமா தம்பி? அன்னிக்கு அப்பா அவ்வளவு சொன்னாரே!"

"எனக்குப் பிடிக்கலைங்க பாய். நெத்தியில இடிக்கும்."

"சரி, உங்க வீடு. நாளைக்குச் சண்டை வந்தா கடைக்காரன் சொன்னான்னு மட்டும் சொல்லிராதீங்க."

அப்பாவிடமும் அதையே சொன்னேன். நெற்றியில் இடிக்கும், பார்க்க அடைசலாக இருக்கும், இப்போது யாரும் மேலே வைப்பதில்லை. கடைசியாகச் சொன்னது பொய். அப்பா, "படிச்சவன் சொல்றயே, வெச்சுக்க. நாஞ் சொல்லி எது நடந்துச்சு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "அவனுக்குப் புடிக்கலையாமாங்க, நான் என்ன பண்றதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை கிரகப்பிரவேசத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். "அடுப்படி மொட்டையா நிக்குது. காது குத்தித் தோடு போடாத புள்ளையாட்ட." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம், கூட்டம் போன பிறகு, மல்லி டப்பாவையும் பருப்பு டப்பாவையும் இழுப்பறையில் அடுக்கிவிட்டு, அவள் அதைக் கையால் தள்ளுவதும் இழுப்பதுமாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் பெண் வீட்டார் வந்தார்கள். தம்மம்பட்டிப் பக்கத்து ஆட்கள். பெண்ணின் அம்மா நேராக அடுப்படிக்குள் போனார். நான் தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றிருந்தேன். அவர் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பா சொன்னது போலவே நிமிர்ந்தார்.

"மேல ஒன்னும் வெக்கலைங்களா?"

"எங்க பையன் வேண்டாம்னுட்டானுங்க" என்றாள் அம்மா. "நாங்க எவ்வளவோ சொன்னோமுங்க. கேக்கலைங்க."

"அப்பிடிங்களா? அவர் சொன்னா சொன்னதுதானுங்களாட்ட இருக்குது!"

அம்மாவுக்கு அந்தக் குத்தல் புரியவில்லை. "ஆமாங்க, சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று பெருமையாக வேறு சொன்னாள்.

நாலு நாள் கழித்து அத்தை போன் செய்தாள். ஜாதகம் பொருந்துகிறதாம். பையன்தான் பிடிவாதக்காரனாகத் தெரிகிறானாம். வீட்டில் பெண்பிள்ளைகள் பேச்சு எடுபடாதாம். அம்மா போனை வைத்துவிட்டு, புது மேடையின் மேல் கை ஊன்றி நின்றாள்.

"நாளைக்கே அந்தப் பாய்க்குப் போன் பண்ணு. மேல பொட்டி வெக்கச் சொல்லு."

"வேண்டாம்மா."

"என்னால உனக்கு ஒன்னு தட்டிப் போச்சு, தெரியுதா?"

"தெரியுது."

"உனக்குக் கல்யாணம் ஆகோணுமா வேண்டாமா?"

"ஆகணும். பொட்டி வேண்டாம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் களைப்பு என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்து, இழுப்பறையிலிருந்து ரவை டப்பாவை எடுத்தாள். உப்புமா கிண்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மறுநாள் இன்னொரு வீட்டார் வருவதாக அத்தை சொல்லியிருந்தாள். பையைக்கூட இறக்கி வைக்க விடவில்லை அம்மா.

"ஆசாரிக விட்டுட்டுப் போன பென்சில் ஒன்னு சன்னல் மேல கெடக்குது பாரு. எடுத்து, செவுத்துல கோடு போடு."

"என்ன கோடு?"

"பொட்டி வாரதுக்கு அளவு எடுத்த மாதிரி. கேட்டாங்கன்னா, ஆர்டர் குடுத்திருக்கோம், கடைக்காரரு இன்னும் கொண்டாந்து மாட்டலைன்னு சொல்லிக்கறேன்."

"அடுத்த மாசம் வந்து கேட்டா?"

"அடுத்த மாசத்துக்கு அவங்க நம்ம சம்பந்தியாயிருப்பாங்க. இல்லாட்டி வரவே மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார வேண்டும் போலவும் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்கேலை வைத்து, புது வெள்ளைச் சுவரில் ஒரு நீளக் கோடு போட்டேன். அம்மா கீழே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் மேல. நிசமாட்டத் தெரியோணுமல்ல?"

நான் அழித்துவிட்டு, மேலே போட்டேன்.