கோணலாக ஒரு நேம் போர்டு

போன ஞாயிறு மதியம் ரேவதி வீட்டில் ஒரு படம் பார்த்தேன். தியேட்டருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது... அப்படி ஒரு படம். விவாகரத்துக்குப் பிறகு ஒரு பெண் தன் வாழ்க்கையை மறுபடி நிமிர்த்திக்கொள்ளும் கதை. சண்டை இல்லை, டூயட் இல்லை. யார் பார்ப்பார்கள்?

ரேவதி எங்கள் மயூர் விஹார் சொசைட்டியில் கீழ் ஃபிளாட். மத்திய அரசு வேலை. கணவர் பெயரில் இருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸை விட்டு, விவாகரத்து வாங்கிக்கொண்டு தனியாக இங்கே குடிவந்தவள். அவள் அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்றுதான் அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். கைக்குட்டைகூட எடுத்துப் போனேன்.

அழுதது யார் தெரியுமா? நான்.

படத்தில் அந்தப் பெண், வாடகை வீட்டு வாசலில் தன் பெயர் மட்டும் எழுதிய போர்டை மாட்டுவாள். சரியாக மாட்டத் தெரியாமல் அது கோணலாகத் தொங்கும். எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் காட்சி. ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள் — அவள் வீட்டு போர்டும் கோணல்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? பொறாமைதான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. என் வீட்டு வாசலில்? 'கே. ராமநாதன், ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி'. டெல்லியில் ஆள் ரிட்டையர் ஆனாலும் போர்டு ஆகாது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு நான் 'ராம்நாதன் சாப் கி மேடம்', ராமநாதன் சாரின் மனைவி.

உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று ரேவதியிடம் சொல்லியே விட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"அந்த போர்டை மாட்ட நான் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சேன். உங்களுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமேக்கா."

சுருக்கென்றது.

மறுநாளே மார்க்கெட்டில் ஆர்டர் கொடுத்தேன். வெறும் 'மைதிலி'. பதவி, பட்டம் எதுவும் இல்லை. கதவில் இரண்டு போர்டுக்கு இடம் இருக்கிறதுதான். இருந்தாலும் அவருடையதைக் கழற்றி ஷூ ரேக் மேல் வைத்தேன். இத்தனை வருஷம் நான் இல்லாத கதவில் கொஞ்ச நாள் அவர் இல்லாமல் இருக்கட்டுமே! அவர் கோபப்படவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் கேட்டார்.

பதில் அடுத்த நாள் காலையிலேயே வந்தது. எதிர் ஃபிளாட் சர்மா ஆன்ட்டி, வெள்ளைப் புடவையில், தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கப் ஹுவா?" என்றார். எப்போது நடந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கண்கலங்கினார். ஹாலில் இருந்து என் கணவர் இரண்டாவது காபிக்குக் குரல் கொடுத்த பிறகுதான் ஆன்ட்டிக்கு உயிர் வந்தது.

கதவில் பெயர் இல்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமாம். இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருவர்கூடத் துக்கம் விசாரிக்க வந்ததில்லையே...